ஈரச் சாக்கு தொங்கிய அறை

எங்கள் வீட்டில் பதின்மூன்று சாக்குகள் இருந்தன. தளிப் பக்கத்திலிருந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் ஏற்றி வந்து காலியானவை. பக்கத்து வீட்டு பாய் பழைய சாக்கு வியாபாரம் செய்தார். அவரிடம் கிழியாததாகப் பொறுக்கி வாங்கினேன். ஜன்னலுக்கு நான்கு, கதவுக்கு மூன்று, கதவின் அடி இடுக்குக்கு இரண்டு, காய்ந்தால் மாற்றிப் போட நான்கு. இவை போகத் தண்ணீர் நிரம்பிய டிரம் நான்கு, தீப்பெட்டி ஆறு, மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு, டார்ச் ஒன்று. டார்ச்சுக்கு பாட்டரி போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தேன். வேண்டாத நாளில் எரியும், கரண்டு போன அன்று எரியாது.

இப்போது நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. வாழ்க்கையில் நடந்தவற்றுக்காகப் பட்ட பாட்டைவிட, நடக்காதவற்றுக்காகப் பட்ட பாடுதான் எனக்கு அதிகம்.

ஓசூரில் தொழிற்பேட்டை மதில் சுவரை ஒட்டிய குடியிருப்பில் அப்போது இருந்தோம். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்கு வேலை. நட்டும் போல்ட்டும் பேரிங்கும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவது. எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்து யாரும் எதையும் செய்வதில்லை. ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதுவரை எவரும் கேட்டதில்லை.

போபாலில் விஷவாயு கசிந்த செய்தி வந்த பிறகு கேட்டார்கள். எந்தத் தொட்டியில் எந்த வாயு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சில வாரம் கழித்து தொழிற்சாலை கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். சங்கு விடாமல் ஊதினால் ஆபத்து என்று பொருள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகப் போய்விட வேண்டும். போக முடியாதவர்கள் கதவு ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி திணித்து உள்ளேயே இருக்க வேண்டும். சங்கு நிற்கும் வரை யாருக்காகவும் திறக்கக் கூடாது.

மற்றவர்கள் படித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் 'போக முடியாதவர்கள்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள்.

என் அக்கா. அஞ்செட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கிணற்றுப் படியில் விழுந்து இடுப்பு ஒடிந்தது. கட்டுப் போட்டவரின் கை சரியில்லை, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. மாமாவும் போன பிறகு கட்டிலோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலோடு என்றால் உண்மையிலேயே கட்டிலோடு. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தோம். கனத்த உடம்பு. தூக்க நான்கு ஆள் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் நானும் மனைவியும், இரண்டு பேர். பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவை. வண்டி என்று ஒரு மொபெட். எப்படிக் கூட்டினாலும் எப்படிக் கழித்தாலும், கடைசியில் அக்கா மிஞ்சினாள்.

வாயு இல்லாத இடத்துக்கு அவளைக் கொண்டுபோக முடியாது. அதனால் அவள் இருக்கும் இடத்துக்கு வாயுவை வரவிடாமல் செய்வது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறையில் ஆணி அடித்துச் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அழுகின முட்டைக்கோசு வாடை அறையை நிறைத்தது.

அக்கா கட்டிலில் படுத்தபடி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டா, கேஸு வந்து சாவறதுக்கு முன்னாடி இந்த நாத்தத்துலயே செத்துருவேன் போலக்குது."

"நனச்சா நாத்தம் போயிரும்க்கா."

"நனச்சா இன்னும் நாறும். நீ சாக்கு தொவச்சிருக்கியா எப்பவாச்சும்?"

மனைவி வாசலில் நின்று சிரித்தாள். பிறகு கேட்டாள், "ஏங்க, இதெல்லாம் மாட்டி, தண்ணி ஊத்திக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணுமே. அது யாரு?"

நான் கேட்காமல் ஒதுக்கி வைத்திருந்த கேள்வி அதுதான்.

"நான் இருக்கறேன்" என்றேன்.

"நீங்க இருந்தா எங்கள யாரு கூட்டிட்டுப் போவாங்க? மொபெட்ட நானா ஓட்டுவேன்? நான் அண்ணியோட இருந்துக்கறேன். நீங்க புள்ளைங்கள இட்டுட்டுப் போங்க."

ரேஷன் கடைக்குப் போய்வருகிறேன் என்பது போல அவள் இதைச் சொன்னாள். அக்கா வெற்றிலையைத் துப்பினாள்.

"ஒருத்தரும் இருக்க வேணாம். ஒரு சொம்பு தண்ணியும் என் வெத்தலப் பையும் பக்கத்துல வெச்சிட்டு ஓடுங்க. நான் என்னா பச்சக் கொழந்தயா?"

அந்தக் கணக்கு அப்படியே நின்றது. தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்பாள், "என்னாடா, இன்னிக்கு என்னைய எந்தப் பக்கம் எழுதியிருக்க, போறவங்கள்லயா, இருக்கறவங்கள்லயா?" கிண்டல்தான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

தெருவில் எனக்கு 'ஈரச்சாக்கு சார்' என்று பெயர் வந்தது. துண்டு ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு தினமும் வேலைக்கு எடுத்துப் போவேன். அதையும் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த கோடையில் மழை பொய்த்தது. குழாயில் வாரத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர். நான்கு டிரம்மையும் நிரப்பி மூடி வைத்திருந்தேன். அவசரத்துக்கு இரண்டு, குடிக்க இரண்டு. பள்ளிக்கூட விடுமுறைக்கு மனைவி பெண்களை அழைத்துக்கொண்டு பேரிகைக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். பகலில் அக்காவுக்குச் சோறு போட்டுக் கொடுப்பதாக பாய் வீட்டம்மா சொல்லியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சங்கு ஊதியது. எங்கள் தொழிற்சாலைச் சங்கு அல்ல, சாலைக்கு அந்தப் பக்கத்தது. ஷிப்டு மாறும் நேரமும் இல்லை. ஊதி நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை.

எனக்கு எல்லாம் மறந்துபோனது. காற்று எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. என் திட்டங்கள் எல்லாமே எல்லோரும் வீட்டில் இருக்கும்போது ஆபத்து வரும் என்று வைத்துப் போட்டவை. இன்று வீட்டில் ஒருத்திதான் இருக்கிறாள், அவள் எழுந்து நடக்க முடியாதவள். ஆணியில் தொங்குகிற சாக்குகள் எலும்பாகக் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

கேட்டில் குழாயில் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தேன். சாலை முழுக்க ஜனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஓடுங்க என்கிறான் ஒருவன், ஓடி ஓடி என்கிறான் கன்னடக்காரன், பரிகெத்தண்டி என்கிறாள் ஒரு தெலுங்குக் கிழவி. மூன்று பாஷையிலும் எனக்குச் சொன்னார்கள். "சார், அங்க எங்க போறீங்க?" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டேன். கண் எரிந்தது. வாயுவா வியர்வையா தெரியவில்லை.

தெரு காலியாக இருந்தது. என் வீட்டு வாசற்கதவு திறந்து கிடந்தது. அக்காவின் அறைக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கூடம் வரை ஓடி வந்திருந்தது.

தட்டினேன். "அக்கா!"

"யாரு?"

"நான்தான்க்கா. கதவத் தெற."

"தெறக்க மாட்டோம்."

"என்னாது?"

"சங்கு நிக்கிற வரைக்கும் யாருக்காகவும் தெறக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னது யாரு? நீதானே?"

உள்ளே குழந்தைகள் சிரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. பாய் வீட்டம்மாவின் குரல் கேட்டது. "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. அக்கா தனியா கெடக்குதேன்னு ஓடியாந்தேன். தெருவுலயே ஈரச் சாக்கு ஒங்க வூட்லதானே இருக்குது, பின்னாடியே எல்லாரும் வந்துட்டாங்க."

"எத்தன பேரு இருக்கறீங்க?" என்று கேட்டேன்.

"பாத்தியா, அங்கயும் எண்ணறான்!" என்றாள் அக்கா. உள்ளே ஒரே சிரிப்பு. "பதினோரு பேரு இருக்கறோம்டா. அஞ்சு பெரிசு, ஆறு சிறுசு. என் கட்டில்லயே நாலு சிறுசு உக்காந்திருக்குது. ஏய், அந்த மேல் சாக்கு காயுது பாரு, ஊத்துடி! சொம்புல ஊத்துனா எப்படி, குடத்துல மொண்டு ஊத்து!"

நான் கதவில் சாய்ந்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்து அக்காவின் குரல் தணிந்து வந்தது. கட்டில் கதவோரம்தான் கிடந்தது.

"மூஞ்ச மூடியிருக்கியா?"

"மூடியிருக்கேன்."

"ஊரே அந்தப் பக்கம் ஓடுதாம். நீ என்னாத்துக்குடா இந்தப் பக்கம் வந்த?"

"மொபெட்டு இந்தப் பக்கம்தான் ஓடுது" என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சங்கு நின்றது. வாயு எதுவும் இல்லை, சங்கின் சுவிட்சு சிக்கிக்கொண்டது என்று மறுநாள் சொன்னார்கள். கதவைத் திறந்தபோது அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் வெற்றிலைகள் மிதந்தன. ஒருவர் பின் ஒருவராக வெளியே போகும்போது எனக்கு நன்றி சொன்னார்கள். பாய் வீட்டம்மா மட்டும் தயங்கி நின்று, "அண்ணே, டிரம்மு நாலும் காலி" என்றாள்.

அவசரத்துக்கு இரண்டு, குடிக்க இரண்டு என்று நான் பிரித்தது எனக்கு மட்டும் தெரிந்த பிரிவினை. அடுத்த தண்ணீர் வர இன்னும் நாட்கள் இருந்தன. உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. சாக்குகளைக் கழற்றி மதில் மேல் காயப்போட்டேன். பன்னிரண்டுதான் இருந்தது. ஒன்று எங்கே போனதென்று கேட்க நாக்கு எழவில்லை. குடங்கள் இரண்டை மொபெட்டில் கட்டினேன். ஏரிக்குப் பக்கம் ஒரு போர் குழாய் இருந்தது, அங்கே வரிசை நிற்கும்.

புறப்படும்போது அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள். அன்று சாயங்காலம் அவள், எந்தப் பக்கம் எழுதியிருக்க என்ற அந்த வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே கேட்கவில்லை.

"அடுத்த வாட்டி சீக்கிரமா வந்துடுடா" என்றாள். "உள்ள எடம் இருந்தா பாக்கலாம்."