எல்லாத்துக்கும் கிட்ட இருந்த ஹோட்டல்

கடந்த பாடசாலை விடுமுறையில் மாத்தளையிலிருந்து குடும்பமாகப் புத்தளம் போய், நகரின் நடுவில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். இடத்தைத் தெரிவு செய்தது என் கணவர். "கீழ இறங்கினா சாப்பாடு, திரும்பினா பள்ளிவாசல். எல்லாத்துக்கும் கிட்ட" என்று வழியெல்லாம் அதே கதை. உண்மைதான். கொத்து ரொட்டி அடிக்கும் சத்தமும் பாலாவி பஸ்ஸின் ஹோனும்கூட எங்கள் கட்டிலுக்குக் கிட்டத்தான் இருந்தன. ஜன்னலைத் திறந்தால் களப்பின் உப்புக் காற்றோடு இறால் பொரிக்கும் வாசம்.

அந்த வாசம்தான் என்னைக் கலக்கியது. எங்கள் இளைய மகனுக்கு இறால் ஒத்துவராது. முன்பு ஒருமுறை ஒரேயொரு துண்டு தின்று, உதடு வீங்கி மூச்சு விடத் திணறியிருக்கிறான். அப்படியான பிள்ளையை இந்த ஊருக்குக் கூட்டி வந்தால் எனக்கு எங்கே நிம்மதி? பராட்டாக் கடையிலும் சூப் கடையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். இதில் இறால் இருக்கிறதா, இறால் பொரித்த எண்ணெயா? கணவர் வெட்கப்பட்டு விலகி நின்றார். மூத்த மகள், "உம்மா, தண்ணிப் போத்தலையும் கேட்டுப் பாருங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹோட்டலிலேயே கோழி புரியாணி சஹன் எடுத்து, அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் விசாரித்தேன். "கோழி மட்டுந்தான் ராத்தா. சட்டியும் வேற, எண்ணெயும் வேற. இன்னும் என்னத்த சொல்ல?" என்று பரிமாறியவர் சலித்துக்கொண்டார். கணவர் தனக்கு மட்டும் இறால் பொரியல் எடுத்து, வேறு பீங்கானில், மகனுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டார். அதற்கும் சண்டை பிடித்துத்தான் சம்மதித்தேன்.

சஹனில் சாப்பிடும்போது வாப்பாமாருக்கு ஒரு பழக்கம். கோழியை எலும்பிலிருந்து பிய்த்து, நல்ல துண்டாகப் பார்த்துப் பிள்ளைகளின் பக்கம் தள்ளுவார்கள். என் கணவரும் தள்ளினார். இறால் தின்ற அதே கையால்.

மகன் கழுத்தைச் சொறிந்தபோதுதான் பார்த்தேன். உதடு தடித்திருந்தது. "உம்மா, தொண்டை இறுகுது" என்றான். உடனே பக்கத்து மேசைகளிலிருந்து வைத்தியம் வரத் தொடங்கியது. "கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க." "இல்லல்ல, இஞ்சி." "ஓதி ஊதுங்க, சரியாகிரும்." எனக்கு வந்த ஆத்திரத்தில், "முதல்ல வழிய விடுங்க!" என்று கத்தினேன்.

கணவர் மகனைத் தூக்கப் பாய்ந்தார். "கை! கை!" என்று அலறினேன். அவர் விரல்களை விரித்து வெளியே நீட்டியபடி, முழங்கைகளில் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஓடினார். பள்ளியிலிருந்து வந்த கூட்டத்தில் ஓட்டோ ஒன்றுகூட அசையவில்லை. ஆஸ்பத்திரி அந்தத் தெருமுனையிலேயே இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம். ஊசி போட்ட டொக்டர், "கிட்ட இருந்ததால சரி. இல்லாட்டி கதை வேற" என்றார். மகன் ஒழுங்காக மூச்சு விடும்வரை கணவர் கையைக் கழுவவும் தோன்றாமல், விரல்களைத் தன்னிலிருந்து தூர நீட்டியபடியே சுவரோரம் நின்றார்.

ஹோட்டல் எப்படி என்று யாராவது கேட்டால், இப்போது "எல்லாத்துக்கும் கிட்ட" என்று நான்தான் சொல்கிறேன். அந்த ஊரின் அடுப்பையெல்லாம் விசாரித்தவளுக்கு, பிள்ளைக்கு ஆசையாக எடுத்துக் கொடுக்கிற கையை விசாரிக்கத் தோன்றவில்லை. இன்றும் அவர் கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து ஒரு துண்டை மகன் பக்கம் தள்ளும்போதெல்லாம், எனக்குத்தான் தொண்டை இறுகுகிறது.