துப்பாக்கி தூக்கியவர்கள் கையைத் தூக்கவும்

ஆராய்ச்சி உதவியாளர் என்பவர், ஆராய்ச்சியாளர் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளும் ஆள். கேள்வித்தாளும் கையுமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ரேசன் கார்டுக்கா வந்திருக்கீக?" என்று கேட்கப்பட்ட என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எம்.ஏ. சமூகவியல் முடித்துவிட்டுக் கம்பத்தில் சும்மா இருந்த என்னை, 2003-இல் சென்னைப் பேராசிரியை ஒருவர் வேலைக்கு எடுத்தார். ஆயுதம் ஏந்திய பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி. களம், டவுன் பஸ் போகும் தூரத்தில் இருந்த இலங்கை அகதிகள் முகாம்.

ஆள் எண்ணும் நாள்

மாதம் ஒருமுறை முகாமில் ஆள் எண்ணுவார்கள். எல்லோரும் இருப்பார்கள் என்று அன்றைக்கே போனோம். இயக்கத்தில் இருந்தது தெரிந்தால் குடும்பத்தைப் பிரித்துத் தனி முகாமில் அடைத்துவிடுவார்களோ என்று வாயைக் கட்டிக்கொண்டு வாழ்கிற சனம். மெதுவாகப் பழகித்தான் கேட்கவேண்டும் என்று மேடத்திடம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எங்களுக்கு ஒத்தாசை செய்ய நினைத்த முகாம் எழுத்தர் மைக்கைப் பிடித்துவிட்டார். "மேடம் மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காக. துப்பாக்கி தூக்குன பொம்பளைக எல்லாம் கையத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கடைசியில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். "நான் வன்னியில காட்டுப்பண்டி சுட்டனான் ஐயா. அதுக்கும் ஏதும் குடுப்பியளோ?"

ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

கேள்வித்தாளை மேடம் சென்னையிலேயே தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். பதினாலாவது கேள்வி: "அகதியாக வந்தபின் குடும்பத்தில் உங்கள் முடிவெடுக்கும் அதிகாரத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தருக." ஐந்து பேர் அடைந்து கிடந்த ஒரு வீட்டில், அடுப்பூதிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதை வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் எனக்கே வேர்த்துவிட்டது.

அந்த அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தார். "வீடே பத்துக்குப் பத்து. இதுக்குள்ள என்ன முடிவு பிள்ளை எடுக்கிறது? ஆர் எந்தப் பக்கம் தலை வைச்சுப் படுக்கிறது எண்டோ?"

செல்வி

ஐந்து மாதம் கழித்து ஒருத்தி பேசினாள். பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஆறாவது படிக்கும் மகள் ஒருத்தி. சண்டைக்குப் போனதிலிருந்து ஓடி வந்தது வரை, கொடியை நறுக்கிக்கொண்டே சொன்னாள். டேப்பை நிறுத்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை ஆரெண்டு தெரிஞ்சா பிள்ளையிட்ட இருந்து பிரிச்சுப்போடுவாங்கள். என்னைக் காட்டிக் குடுக்காதேங்கோ அக்கா."

அத்தா படித்த பக்கம்

மேடம் ஆராய்ச்சியைத் தமிழில் சிறு நூலாகப் போட்டு, முகாமுக்கும் அலுவலகங்களுக்கும் இலவசமாகக் கொடுக்க முடிவு செய்தார். பிழை திருத்த என்னிடம் வந்தது. செல்வி, மல்லிகா ஆகியிருந்தாள். மற்றபடி விரல், தோட்டம், ஊர், மகளின் வகுப்பு எல்லாம் அப்படியே. போன் போட்டுக் கேட்டேன். "பேரை மாத்தியாச்சே! அது போதும். விவரமும் போச்சுன்னா படிக்கிறவங்களுக்கு என்னம்மா இருக்கு?" என்றார்.

அந்தத் தாள்கட்டை மேசையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் புத்திகெட்டதனம். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, திராட்சைக் கமிஷன் வியாபாரம். வந்து பார்த்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைப் பக்கம் படித்திருந்தார். "இது நம்ம காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துக் கவாத்துக்காரப் பிள்ளைல்ல? அது துப்பாக்கியெல்லாம் தூக்கிருக்கா?" வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். ஆனால் ஊரில் எத்தனை பேரிடம் போய் வாங்குவது?

தங்கும் விடுதியில்

மேடம் கம்பம் வந்ததும் செல்வியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அத்தா படித்ததையும் மறைக்கவில்லை. அவள் திட்டவில்லை, அதுதான் என்னை அறுத்தது. "அவவிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். விடுதி அறையில் மேடம் ஒப்புதல் படிவம் என்றார், உலகத்துக்கு உண்மை தெரியவேண்டும் என்றார், பெண்ணின் குரல் என்றார். குரலுக்குரியவள் எதிரே வாய்மூடி உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் கேட்டபின் செல்வி நிதானமாகக் கேட்டாள். "அம்மா, உங்கட பேரை மட்டும் மாத்திப்போட்டு, வீட்டு விலாசம், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம், உங்கட உடம்பில இருக்கிற தழும்பு எல்லாத்தையும் எழுதி, அந்தா அந்தக் கதவில ஒட்டட்டோ?"

மேடம் கதவைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கங்களை மேலிருந்து கீழ்வரை அடித்தேன். டேப்பைச் செல்வியே வாங்கிக்கொண்டாள்.

ஏழு மாதம் கேட்டுக் கேட்டு எழுதிய அந்த ஆராய்ச்சியில், நான் செய்த ஒரே உருப்படியான வேலை அடித்ததுதான்.