கோட்டு மாறிய படம்

கண்காட்சிக் கூடத்தின் கடைசிச் சுவரில் அந்தப் படம் இருந்தது. கழுத்துவரை சேறு அப்பிய ஒரு பெண். அவள் வாயருகே ஒருவர் குவளையைப் பிடித்திருக்கிறார். அவர் மேல் நிவாரணக் குழுவின் ஆரஞ்சுக் கோட்டு. கீழே அட்டையில், "வெள்ளத்தில் தப்பிய பெண்ணுக்குத் தண்ணீர் தரும் நிவாரணப் பணியாளர்."

"அடிப்பாவி, இது நீதானே!" என்றாள் அக்கா.

சேறு அப்பிய பெண் தங்கைதான். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். எந்த நாட்டில் புயல், வெள்ளம் என்றாலும் குழுவிலிருந்து அழைப்பு வரும். கடையைப் பூட்டி, ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிவிடுவாள். போன இடத்து மொழியில் இரண்டே சொற்களைக் கேட்டு வைத்துக்கொள்வாள்: தண்ணீர், மெதுவாக. அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

"வீட்டுக் குழாய் ஒழுகுது, அதப் பார்க்க மகாராணிக்கு நேரமில்ல" என்று இத்தனை வருடம் முணுமுணுத்த அக்காதான், இன்று சம்பந்தி வீட்டாரையும் வரச் சொல்லியிருந்தாள். கூடம் முழுக்கத் தேடியதில் தங்கை இருக்கும் படம் இது ஒன்றுதான்.

"உதவப் போனவள அகதியாக்கிட்டாங்களே! சம்பந்தியம்மா பார்த்தா என் மானம் என்னாகும்?"

அக்கா போட்ட சத்தத்தில் பொறுப்பாளர் ஓடிவந்தார். "கோட்டப் பார்த்து எழுதிட்டோம்மா. சரின்னு சொல்லுங்க, இப்பவே அட்டைய மாத்திடறேன்."

தங்கை படத்தையே பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. தன் பெயர் சுவரில் ஏறினால் யாருக்குக் கசக்கும்?

படத்தில் குவளை பிடித்திருப்பவர் அந்த ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவர் வீட்டை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. குடிநீர் பம்பின் ஃபுட்வால்வு, தண்ணீரை உறிஞ்சும் அடிவாய், சேற்றில் அடைத்துக்கொண்டது. அவள் இறங்கித் தோண்ட, மேலே அவர் பகல் முழுக்கக் கயிற்றைப் பிடித்து நின்றார். குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது. கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டது அவள்தான். வடிகட்டியைத் தாண்டி நல்ல தண்ணீர் வந்ததும், முதல் குவளையை அவர் தன் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகவில்லை. அவள் கையெல்லாம் சேறு என்று வாயருகே நீட்டினார். "மெதுவா" என்றார், தன் மொழியில்.

"அட்டை சரியாத்தான் இருக்கு" என்றாள் தங்கை. "அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுறவர்னு மட்டும் சேர்த்துடுங்க."

"என்னடி சரி?"

"அவர் வேலை செஞ்சாரு, அக்கா. குளிருதுன்னு என் கோட்ட அவருக்குக் கொடுத்தேன்."

"அப்ப நீ யாரு?"

"தாகம் எடுத்தவ."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். அவள் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அட்டையப் படிக்காதீங்க சம்பந்தி, என்னைக் கேளுங்க. சேத்துல நிக்கிறா பாருங்க, என் தங்கச்சி. அந்தக் கோட்டே அவளோடதுதான்."

பின்னால் வந்த முன்பின் தெரியாதவர்களும் நின்று கேட்டார்கள். அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். தங்கைக்குக் கூச்சமாகிவிட்டது.

"அக்கா, போதும் வா. குழாய் ஒழுகுதுன்னியே, போய்ப் பார்க்கலாம்."

"ஒழுகட்டும் போடி" என்றாள் அக்கா. அடுத்த கூட்டம் வந்துகொண்டிருந்தது.