மொமோ கொன்டேயை விசாரித்தவர்கள்

"இவரிட்டைக் கேள் பிள்ளை, போன ஞாயிற்றுக்கிழமை ரெய்னர்ஸ் லேனிலை இவருக்கு என்ன வேலை?"

கேட்டவர் கோசிகாவின் அப்பா கிருஷ்ணராசா, இலண்டனில் தங்கள் ஊராட்கள் நடத்தும் விளையாட்டுக் கழகத்தின் தலைவர். எட்மண்டன் வீட்டுக் குசினி மேசையில் அவருக்குப் பக்கத்தில் பொருளாளர் தில்லையம்பலம். எதிரே, தேத்தண்ணியைத் தொடாமல், கழகத்தின் உதைபந்தாட்ட அணியைப் பழக்கும் மொமோ கொன்டே. இரண்டு மொழியும் தெரியும் என்று கோசிகாவை நடுவில் இருத்தியிருந்தார்கள்.

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். அங்கே போட்டிக் கழகம் ஒன்றின் பயிற்சியைப் பார்க்கப் போனேன், அவர்களின் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் திரும்புவதற்குச் சுணங்குகிறார் என்றார் மொமோ.

"ஆருக்காகப் பாத்தவராம்?" என்றார் தில்லையம்பலம். "எங்களுக்கோ, அவங்களுக்கோ?"

"எங்களுக்காம், அங்கிள்."

"அப்பிடித்தானே சொல்லுவார்! அவங்கட ரோல்ஸைத் திண்டுகொண்டு நிண்டதை என்ரை கண்ணாலை கண்டனான், அண்ணை."

அதையும் கேட்டாள். தந்தார்கள், சாப்பிட்டேன், நல்ல உறைப்பு என்றார் மொமோ. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். தன் நாட்டின் தேசிய அணிக்குப் பயிற்சியாளராகத் தன்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆவணியில் போக வேண்டியிருக்கும். அதற்கு முன் தன்னைப்பற்றி இலண்டனில் விசாரிப்பார்கள். கழகத்தின் இலக்கமாக இந்த வீட்டுத் தொலைபேசியைக் கொடுத்திருக்கிறார்.

"நாட்டு ரீமுக்குக் கோச்சோ? அப்ப நான் சிலோன் பிரதமர்!" தில்லையம்பலம் மேசையில் தட்டினார். "அப்பிடிப்பட்டவர் ஏன் பிள்ளை வெயார்ஹவுசிலை பெட்டி அடுக்கிறார்?"

கிருஷ்ணராசாவின் முகம் மாறவில்லை. "எங்கட நம்பரை ஏன் குடுத்தவர்?" என்று மட்டும் கேட்டார்.

அது 2005ஆம் ஆண்டுக் கோடை. அதற்கு முந்திய வருடந்தான் மொமோ அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தார். பூங்காவில் கோசிகாவின் தமையன் மிதுலனும் கூட்டாளிகளும் பந்தடித்துக்கொண்டிருந்தபோது, வேலை உடுப்போடு போனவர் நின்று பார்த்தார்; பிறகு கேட்காமலே உள்ளே இறங்கி இரண்டு பேரை இடம் மாற்றி நிறுத்தினார். எண்பதுகளில் தன் நாட்டுக்காக ஆடியதாகவும், பிறகு பெல்ஜியத்தில் ஆடும்போது முழங்கால் முறிந்ததாகவும் சொன்னார். அன்றிலிருந்து வாராவாரம் வந்தார். கூலி கேட்கவில்லை.

அதுவே முதல் சந்தேகம். "சோழியன் குடும்பி சும்மா ஆடாது" என்றார் கிருஷ்ணராசா. மொமோ எந்த நாட்டுக்காரர் என்று கழகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எந்த ஊர்க் கழகம் அவரை அனுப்பியிருக்கும் என்பதைத்தான் மாதக்கணக்காக ஆராய்ந்தார்கள்.

கோசிகாவும் சும்மா இருக்கவில்லை. நூலகக் கணினியில் தேடினாள். பழைய ஆட்டங்களின் முடிவுகள் கிடைத்தன, ஆடியவர்களின் பெயர்கள் இல்லை. பொய்யர் என்றால் ஒரு படமாவது காட்டியிருப்பாரே என்று நினைத்தாள். கெட்டிக்காரப் பொய்யர் படம் காட்டமாட்டார் என்றும் நினைத்தாள்.

அந்த வீட்டில் தொலைபேசிக்கு ஒரு சட்டம் இருந்தது. அகதி வழக்குக்காகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்த நாட்களில் போட்ட சட்டம். தெரியாத குரல் யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும், அந்த ஆள் எதிரே இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாலும், "தெரியாது" என்று வைத்துவிட வேண்டும். எல்லோருக்கும் விசா கிடைத்த பிறகும் சட்டம் மாறவில்லை. கோசிகாவின் அம்மா சிவனேஸ்வரிக்கு ஆங்கிலம் கொஞ்சந்தான். ஆனால் இந்த ஒரு வசனம் தடக்காமல் வரும்.

புதன்கிழமை மத்தியானம் அழைப்பு வந்தபோது வீட்டில் சிவனேஸ்வரி மட்டுந்தான். பின்னேரம் பெருமையோடு சொன்னாள்: "ஆரோ இங்கிலிஷிலை கோச்சின்ரை பேரைச் சொல்லிக் கேட்டவங்கள். தெரியாது எண்டிட்டன். கிளப் இருக்கோ எண்டும் கேட்டவங்கள். அப்பிடி ஒண்டும் இல்லை எண்டிட்டன்."

"நல்ல வேலை செய்தாய்" என்றார் கிருஷ்ணராசா.

"அப்பா, அது அவற்றை நாட்டாக்களாய் இருக்கும்!"

"இமிகிறேசனாயும் இருக்கும். ஆர் கண்டது? உனக்கு வடிவாத் தெரியுமோ?"

கோசிகாவுக்கு வடிவாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மொமோ வாசலில் நின்றார். அப்படி ஒரு கழகமே இல்லை, உன்னை இலண்டனில் ஒருவருக்கும் தெரியாது என்று அவருடைய நாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். வேறொருவரை நியமிக்கப் போகிறார்களாம். கோசிகா தலையைக் குனிந்துகொண்டு தொலைபேசிச் சட்டத்தை விளக்கினாள்.

"அப்படியென்றால் உங்கள் அம்மா என்னைப் பொலிசிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தார் மொமோ. உள்ளே சிவனேஸ்வரி குசினிக் கதவை மெல்லச் சாத்தினாள்.

ஆவணியில் அவர் போனார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், தொலைக்காட்சியில் மைதானத்தின் ஓரத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று கத்திக்கொண்டிருந்தார். மிதுலன் துள்ளி எழுந்தான். கிருஷ்ணராசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "ஆள் அவர்தான். ஆனா கோச்சோ, தண்ணி குடுக்கிறவரோ, ஆர் கண்டது?" என்றார்.

சட்டத்தை மீறித் தான் ஒரு முறை தொலைபேசியில் பதில் சொன்னதைக் கோசிகா அப்போதும் வீட்டில் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, சிரித்து முடிந்த பிறகு, படியில் இறங்கப் போனவர் திரும்பி நின்று அவளிடம் கேட்டிருந்தார்:

"ஞாயிறு மத்தியானம் இன்னொரு முறை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பீர்களா? நான் நல்லவன் என்று சொல்ல வேண்டாம். அது உங்களுக்குத் தெரியாது. மொமோ கொன்டே என்று ஒருவனைத் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள்."