டிஸ்சார்ஜ்

அண்ணனை மறுநாள் டிஸ்சார்ஜ் செய்யப்போவதாக டாக்டர் சொன்னதும் அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் குணமாகி வீடு திரும்புவது என்றுதான் பொருள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இனிமே செய்ய ஒண்ணுமில்லப்பா. வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க."

அதற்கும் அதே சொல்தான். வண்டியிலிருந்து பாரம் இறக்குவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி இறக்கிவிட்டது. அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆட்டோவில் அண்ணி, "வூட்டுக்குப் போனதும் இன்னா சாப்புடுறீங்க? மீன் கொழம்பு வைக்கட்டா?" என்று அவரைக் கேட்டார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"வைடி" என்றார்.

அன்று ஒரு வாய்கூட அவரால் விழுங்க முடியவில்லை. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போனார்.