எங்கள் காரின் இலக்கத் தகடு

பிள்ளைகளே, போன மாதம் கலியாண மண்டப வாசலில் நின்ற பழைய காலத்துக் காரில் சாய்ந்து நீங்கள் மூன்று பேரும் படம் எடுத்தீர்கள். கூப்பிட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். அன்று வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அது பழைய கார் இல்லை. வெளியே ஃபைபர், உள்ளே வான் வண்டி எஞ்சின். மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றுவதற்கென்று பழையதைப் பார்த்துச் செய்த போலி. ஆனால் அதில் பூட்டியிருந்த இலக்கத் தகடு அசல். அது நம்முடையது.

சண்டைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நான் வாடகைக்கு ஓட்டியது அந்த இலக்கக் காரைத்தான். பெற்றோலை வாவி தாண்டி வர அக்கரைச் சாவடி ஆமிக்காரர் விடமாட்டார்கள். ஒரு மூடி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவேன். ஓடுகிற வாகனம் என்றால் துவக்கு வைத்திருந்த எவனும் வந்து கொண்டுபோவான். ஆகவே ஓட்டம் முடிந்ததும் காபரேட்டரைக் கழற்றி, வீட்டுக்குப் பின்னால் வயல் வட்டையில் கதிர்க்கட்டுகளாய் அடுக்கியிருந்த நெற்சூட்டுக்குள் ஒளிப்பேன். அது இல்லாமல் எஞ்சின் எழும்பாது. இடத்தை உங்கள் அம்மாவுக்கும் சொல்லவில்லை. தெரிந்தவளை அடித்துக் கேட்பார்கள், தெரியாதவளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி நான்.

ஒரு காலை சாமான் வாங்கத் தோணியில் போன என்னை அக்கரைச் சாவடியில் பிடித்து வைத்தார்கள். காரணம் சொல்லவில்லை. அன்றுதான் அம்மாவுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் நாள் கிடக்கவே, வலி வந்தது. உங்கள் மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியும். காரும் முற்றத்தில் நின்றது. அவர் காபரேட்டரைத் தேடி அரிசிப் பெட்டி, கோழிக்கூடு, கூரை எல்லாம் கிளறிப் பார்த்துவிட்டு, அக்கரை ஆஸ்பத்திரிக்குத் தோணி பிடிக்க மாட்டு வண்டியைப் பூட்டினார். உங்கள் மூத்த அக்கா வண்டியிலேயே பிறந்தாள். துறையில் தோணி வருமுன் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் என்னை விட்டார்கள். மாமா ஒன்றுதான் கேட்டார். “எங்க மச்சான் வெச்ச நீ?”

சொன்னேன். அவர் வண்டி மாட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தச் சூட்டடியில கட்டிக் கிடந்த மாட்டத்தான் மச்சான் அவிழ்த்து வண்டியில பூட்டினன்.”

சண்டை ஓய்ந்த பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். இந்த வகைக் கார் நாட்டில் நாலுதான் மிச்சமாம், நம்முடையதைத் திருத்தி ஐந்தாவதாக ஓட வைப்பாராம். நம்பி இலக்கத் தகட்டையும் வாகனப் புத்தகத்தையும் கொடுத்தேன். மற்றதை ஏற்ற லொறி அனுப்புவதாகச் சொன்னவர் அதற்குப் பிறகு ஆளே இல்லை. நம்முடைய கார் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கறள் பிடித்துக் கிடக்கிறது, உங்களுக்குத் தெரியும்.

மண்டபத்தில் நான் தகட்டைக் குனிந்து பார்த்தபோது அந்தக் காரின் சாரதி, “தொடாதீங்க ஐயா, சண்டைக் காலம் முழுக்க பங்களாவில பொத்தி வெச்சிருந்த கார்” என்றான். பங்களாவிலாம்! அந்த இலக்கம் எந்த முற்றத்தில், என்ன இல்லாமல் நின்றது என்று அவனுக்கு யார் சொல்வது?

படத்தை நீங்கள் வைத்திருங்கள். கீழே போலி என்று எழுதிவையுங்கள். அசல் காரின் காபரேட்டரை அந்தப் பெரிய மனிதர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அது என் கட்டிலுக்குக் கீழே, பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது. இந்த முறை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.