ருக்கையா வீட்டு வைஃபையில் இரண்டாவது கருவி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது சுவா சூ காங்கில், பதினோராவது மாடியில், வெயில் இன்னும் இறங்காத நேரத்தில். அனுபவித்தவன் ரமீஸ். ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பழுது பார்க்கிறவன். யாராவது பேய்ப் பேச்சை எடுத்தால், "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, போயிடும்" என்று கிண்டல் செய்கிற ஆள். இப்போது அந்தக் கிண்டலை அவன் விட்டுவிட்டான்.

அவன் வாப்பா அஹமது கபீர் ஃபேரர் பார்க்கில் துணிக்கடை வைத்திருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். உம்மா ருக்கையா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவளுக்கு நாலு மாதம் பத்து நாள். கணவன் வாழ்ந்த வீட்டைவிட்டு நகரக்கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது. ரமீஸும் அவன் மனைவி ஹஸீனாவும் செங்காங்கில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். மசியவில்லை. ராத்திரியில் தனியாகத்தான் இருந்தாள்.

கபீருக்கு கேமரா என்றாலே ஆகாது. கல்யாணப் படத்தில்கூட பாதி முகம்தான். அவர் பேசுகிற வீடியோ என்று உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. போன நோன்பில் அவர் கஞ்சி காய்ச்சும்போது ஹஸீனா எடுத்தது, பதினோரு நிமிடம். அறையிலிருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டியில் ரமீஸ் அதைப் போட்டு வைத்திருந்தான். ஹால் டிவியோடு இணைந்த மீடியா பிளேயர் வைஃபை வழியாக அதை எடுத்துக் காட்டும்.

தினமும் அஸர் தொழுதுவிட்டு, சரியாக 4:50க்கு, ருக்கையா அதைப் போடுவாள். வீடியோவில் கபீர் கரண்டியை நீட்டி, "உப்பு பாரு ருக்கையா" என்பார். "சரியா இருக்கு" என்று இவள் டிவியைப் பார்த்துச் சொல்லுவாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவளுக்குப் பொழுது விடிந்தது.

எழுபத்து மூன்றாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, ரமீஸ் பிளேயரை அப்டேட் செய்தான். யாரும் கேட்கவில்லை. தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது.

மறுநாள் உம்மா போன் செய்தாள். "ரமீஸ், வாப்பா பேசுறது நின்னு நின்னு வருது லா. உப்பு பாருன்னு சொல்றதுக்குள்ள வட்டம் சுத்த ஆரம்பிச்சிடுது."

செவ்வாய் அரைநாள் லீவு போட்டு வந்தான். பிற்பகல் 2:15க்கு வைஃபை வேகத்தைச் சோதித்தான். 310 எம்பிபிஎஸ். குறையே இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டான். 3:30. மறுபடியும் 310. 4:50க்கு உம்மா வீடியோவைப் போட்டாள். வேகம் 9.

வட்டம் சுற்றியது. படம் நகர்ந்தது. மறுபடி வட்டம்.

வீடியோ முடிந்தது 5:14க்கு. 5:15க்கு வேகம் 310.

பழைய, மெதுவான கருவி ஒன்று வைஃபையில் கூட இருந்தால் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் என்று ரமீஸுக்குத் தெரியும். முன்பெல்லாம் பிளேயர் வீடியோவுக்குத் தன்னிடமே ஒரு பிரதி வைத்திருந்தது. அதனால் யார் இழுத்தாலும் தெரியவில்லை. அப்டேட்டில் அந்தப் பிரதி அழிந்து போயிருந்தது. அப்படியென்றால் இத்தனை நாளாக யாரோ இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். யார் யார் வீடியோ பார்க்கிறார்கள் என்று ஹார்ட் டிஸ்க் பெட்டி ஒரு பட்டியல் காட்டும்.

4:50. ஹால் பிளேயர் என்று ஒரு வரி வந்தது.

அதன் கீழே இன்னொரு வரி.

பெயர் இல்லை. வெறும் எண்ணும் எழுத்தும். அதே வீடியோ. அதே விநாடி.

பக்கத்து வீட்டுப் பையன் எவனாவது வைஃபை திருடுகிறான் என்றுதான் ரமீஸ் நினைத்தான். ஆனால், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கஞ்சி காய்ச்சுகிற வீடியோ எதற்கு?

4:52:10. உம்மாவுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க வீடியோவை நிறுத்தினாள்.

4:52:11. இரண்டாவது வரியும் நின்றது.

அவள் ஓட விட்டாள். அதுவும் ஓடியது.

"உம்மா... இன்னொரு தடவை நிறுத்துங்க."

"ஏன்?"

"சும்மா."

நிறுத்தினாள்.

அதுவும் நின்றது...

காத்திருந்தது.

ரமீஸ் மடிக்கணினியை அருகில் இழுத்தான். அந்த நேரத்தில் அவன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆனால் பதினைந்து வருடத் தொழில் அவன் கைக்கு ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. தெரியாத கருவியா, முதலில் தூக்கு. அவன் அந்த எண்ணை அழுத்தினான். தடை செய்யவா என்று கேட்டது. ஆம் என்றான்.

மணி சரியாக 4:53.

இரண்டாவது வரி மறைந்தது. வேகம் 310க்கு ஏறியது. கபீரின் குரல் தங்குதடை இல்லாமல் வந்தது. ரமீஸ் சிரித்தபடியே உம்மாவைப் பார்த்தான்.

"உப்பு பாரு ருக்கையா."

அவள் பதில் சொல்லவில்லை.

வீடியோ முடிந்தது. பிறகு, "என்னமோ தெரியல. இன்னைக்கு வெறும் டிவி பாத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வயசான மனசு அப்படித்தான் என்று ரமீஸ் விட்டுவிட்டான். ஆறரைக்கு எம்ஆர்டி ரயில் பிடித்தான்.

வியாழன் மதியம், திருடன் யாரென்று பார்க்கலாமே என்று அலுவலகத்திலிருந்தே உம்மா வீட்டு ரவுட்டரின் பதிவைத் திறந்தான்.

4:53:10 அனுமதி மறுக்கப்பட்டது.

4:53:20 அனுமதி மறுக்கப்பட்டது.

4:53:30...

கீழே போனான். போய்க்கொண்டே இருந்தான். மாலை போய் இரவு வந்தது. ஒன்பது மணி, பன்னிரண்டு, மூன்று. பத்து விநாடிக்கு ஒரு தடவை. ஒன்றுகூட விடுபடவில்லை. கடைசி வரி, விடியற்காலை 5:48:00.

நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது தடவை.

பழைய, மெதுவான கருவி என்றதும் வாப்பா வைத்திருந்த டேப்லெட் அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் ஹஸீனாவிடம் கேட்டான். "வாப்பா டேப்லெட் பெட்டி எங்க?"

ஸ்டோர் ரூமில் இருந்து எடுத்து வந்தாள். காலிப் பெட்டி. பக்கவாட்டு ஸ்டிக்கரில் அந்தக் கருவியின் எண் அச்சாகியிருந்தது. ரமீஸ் போனில் குறித்து வைத்ததோடு ஒத்துப் பார்த்தான். ஓர் எழுத்து பிசகவில்லை.

"டேப்லெட் எங்க ஹஸீனா?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "ஸ்க்ரீன் ஒடஞ்சு ஆன் ஆகலன்னு நீங்கதானே மால்ல இருக்கிற இ-வேஸ்ட் தொட்டியில போட்டீங்க? வாப்பா மௌத்தாகி ரெண்டாவது வாரமே."

அந்த நிமிடமே தடையை எடுத்துவிட்டான்.

வெள்ளி 4:50. பட்டியலில் ஒரு வரி.

சனி. ஒரு வரி.

ஞாயிறு உம்மா அறியாமல், திரையைப் பார்த்து, "வாங்க வாப்பா" என்று வாய்க்குள் சொன்னான். நாற்பது வயது ஆண்பிள்ளை, சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

ஒரு வரிதான்.

அதன்பிறகு எந்த நாளும் இரண்டாவது வரி வரவில்லை. வைஃபை மட்டும் பறந்தது.

நூற்று முப்பதாவது நாள் இத்தா முடிந்தது. ருக்கையாவை முதன்முதலாக வெளியே கூட்டிப்போக ரமீஸ் வந்திருந்தான். வாசலில் செருப்பு மாட்டப் போனவள் நின்றாள்.

"ரமீஸ், ஒன்னு சொல்லாம விட்டுட்டேன். நீ வைஃபை சரி பண்ணிட்டுப் போனியே, அன்னைக்கு ராத்திரி யாரோ கதவத் தட்டிட்டே இருந்தாங்க."

"எப்ப?"

"நீ போனதுல இருந்து. ராத்திரி பூரா. சத்தமா இல்ல. மெதுவா தட்டும்... நிக்கும்... திரும்பத் தட்டும்."

"ஏன் போன் பண்ணல?"

"சொன்னா நீ அந்த நேரத்துல செங்காங்ல இருந்து ஓடி வருவ. கதவு ஓட்டையில பாத்தேன், ஆள் தெரியல. இத்தாவுல இருக்கிறவ, யாருன்னு தெரியாம எப்படித் திறக்கிறது? விடியக்காலை போன்ல சுபுஹு பாங்கு வந்துச்சு. அதோட நின்னுடுச்சு."

அன்றைக்கு சுபுஹு எத்தனை மணிக்கு என்று ரமீஸ் கேட்கவில்லை.

அவள் ஒரு கால் செருப்போடு அவன் முகத்தைப் பார்த்தாள். "பாவமா தட்டுச்சு. திறந்திருக்கணுமோ?"

"இல்ல உம்மா. நீங்க செஞ்சது சரிதான்" என்று சொல்லி, குனிந்து அவளுடைய இன்னொரு செருப்பை எடுத்து வைத்தான்.